கழுத்துக்கும் மேல்மார்புக்கும் வெயில் காப்பு: துணி முதலில், கிரீம் பிறகு

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் 43 வயதுப் பெண். தினமும் ஸ்கூட்டரில் அலுவலகம் போய் வருகிறார். முகத்துக்கு எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) 50 உள்ள சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூசுகிறார். முகம் நன்றாக இருக்கிறது. ஆனால் கழுத்தின் இரு பக்கங்களும், பிளவுஸுக்கு மேலே தெரியும் மார்புப் பகுதியும் கறுத்துச் சொரசொரப்பாகி, முகத்தோடு சேராமல் தனியாகத் தெரிகின்றன. எலுமிச்சைச் சாறு தடவியும் பயனில்லை. முகத்துக்குப் பூசுவதையே கீழே வரை இழுத்துப் பூசினால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. கழுத்துக்கும் கிரீம் வேண்டும்தான். ஆனால் கழுத்து, மேல்மார்பு இரண்டுக்கும் முதல் காப்பு துணி. கிரீமுக்கு இரண்டாவது இடம். முகத்தை மூடிக்கொண்டு வாழ முடியாது என்பதால் அங்கே கிரீமை நம்புகிறோம். கழுத்தை மூடலாம். மூடக்கூடிய இடத்தைத் திறந்து வைத்துவிட்டு அதன்மேல் விலை உயர்ந்த கிரீமைப் பூசிக்கொண்டே இருப்பது காசுக்கும் நஷ்டம், தோலுக்கும் நஷ்டம். தோல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகக் கழுத்துகளைப் பார்த்துவரும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் காப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இது வெயிலின் வேலைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கழுத்து கறுப்பதற்குக் காரணங்கள் பல. நல்ல பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, தலையை அண்ணாந்து, மோவாய்க்குக் கீழே இருக்கும் பகுதியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மோவாயின் நிழல் விழும் அந்த முக்கோணத்தில் வெயில் நேராகப் படுவதில்லை. அந்த இடம் உங்கள் இயல்பான நிறத்தில் வழவழப்பாக இருந்து, அதன் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் கருமை தொடங்கினால் காரணம் பெரும்பாலும் வெயில்தான். பிளவுஸ் ஓரத்திலும் இதேபோல் ஓர் எல்லைக்கோடு இருக்கும். காதுக்குப் பின்புறத் தோலும் தப்பித்திருக்கும்.

பக்கவாட்டுக் கழுத்தில் பழுப்பும் சிவப்பும் கலந்து திட்டுத்திட்டாகப் படர்ந்து, மோவாய் நிழலை மட்டும் விட்டுவைக்கும் இந்த மாற்றத்தை 1923-இல் அஷீல் சிவாத் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. நடுவயதைத் தொடும் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. வெள்ளைத் தோலில் சிவப்பு தூக்கலாகத் தெரியும். நம் தோலில் சிவப்பு அடங்கிப் பழுப்பே முன்னால் நிற்கும். உற்றுப் பார்த்தால் மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னஞ்சிறு மேடுகள் தெரியும். நீங்கள் சொரசொரப்பு என்று சொல்வது அதுவாக இருக்கலாம். பிடரியில் வெயிலின் வேலை வேறு விதம். வயலிலும் கடலிலும் குனிந்து உழைத்தவர்களின் பிடரித் தோல் தடித்து, ஆழமான வரிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சாய்சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். காலமெல்லாம் கடலில் இருந்தவர்களின் தோல் இப்படிக் கெடுவதை ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா 1894-இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இனி, வெயில் என்று தவறாக நினைக்கப்படுபவை. முதலாவது மிக முக்கியம். கருமை பிடரியில் தொடங்கிக் கழுத்தைச் சுற்றி வந்து, மடிப்புகளுக்குள் இன்னும் அதிகமாகி, தொட்டால் வெல்வெட் துணிபோல் தடிப்பாக இருந்தால் அது வெயிலால் வந்தது அல்ல. அக்குளையும் விரல் மூட்டுகளையும் பாருங்கள், அங்கேயும் இருக்கும். கூடவே சின்னச் சின்னத் தோல் மருக்கள் தொங்கலாம். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காமல் போவதன் வெளி அடையாளம் அது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கழுத்தில் தெரிந்துவிடும்; சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களிடமும் பார்க்கிறோம். பதின்வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் அழுக்கு என்று நினைத்து, பீர்க்கங்காய் நாரை வைத்துத் தோல் உரியும் வரை தேய்க்கும் பெற்றோரைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் கட்டுப்பாடும். சன்ஸ்கிரீனால் அங்கே ஒரு பயனும் இல்லை.

அடுத்தது பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய அந்தக் களைச்செடியின் தூசி காற்றில் வந்து படியும்போது ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முகம், கழுத்து, மேல்மார்பு எல்லாம் அரித்துத் தடித்துக் கறுத்துப் போகும். வெயிலில் போனால் கூடுகிறது என்பதால் வெயில் ஒவ்வாமை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தூசிக்கு நிழல் தெரியாது. கண் இமை, காதின் பின்புறம், மோவாய்க்குக் கீழே என்று வெயில் எட்டாத இடங்களிலும் அது புகுந்துவிடும். மோவாய்க்குக் கீழும் சேர்ந்து கறுத்து, அரிப்பு தாங்க முடியாமல் இருந்தால் வீட்டைச் சுற்றியும் வயல் வரப்பிலும் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள்.

சங்கிலியோ தாலிச் சரடோ உரசும் தடத்தில் மட்டும் கருமை இருந்தால் அது உராய்வு. கவரிங் நகை என்றால் அதிலுள்ள நிக்கல் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். மார்பில் வெளிறிய வட்டங்களாகச் செதில் உதிர்ந்தால் தேமல். அது பூஞ்சை, அதற்கு மருந்து தனி.

இன்னொன்றும் உண்டு. இப்போது அரிது என்றாலும் விட்டுவிட மனம் வரவில்லை. கழுத்தைச் சுற்றிப் பட்டையாக, துல்லியமான எல்லையோடு தோல் எரிந்து கறுத்து உரியும். புறங்கைகளிலும் அப்படியே இருக்கும். கூடவே வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் வரும். நியாசின் என்ற வைட்டமின் குறைந்து, தோல் வெயிலைத் தாங்கும் வலுவை இழப்பதால் வரும் பெல்லாக்ரா நோய் இது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் கசால் விவரித்ததால் அந்தப் பட்டைக்குக் கசால் கழுத்தணி என்று பெயர். சோளத்தையே நம்பி வாழ்ந்த தக்காணத்து ஏழை மக்களிடம் இந்நோயை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். இன்று சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவர்களிடமும், காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களில் சிலரிடமும் இதைக் காண முடிகிறது. இவர்களுக்குக் கழுத்துக் கருமை என்பது அழகுப் பிரச்சினையே அல்ல, உயிர்ப் பிரச்சினை.

மாத்திரைகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு, முகப்பருவுக்கும் வேறு தொற்றுகளுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின் போன்றவை தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லை, வெயில்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தும் மார்பும் ஏன் கெடுகின்றன? கிரீம் பூசாதது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் சூரியன் நிற்கும் இடம். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அந்த நேரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் கன்னத்தில் வெயில் சாய்வாக வழுக்கிக்கொண்டு போகிறது. தோள், காறை எலும்பு, அதற்குக் கீழே சரிந்து இறங்கும் மேல்மார்பு ஆகியவை அதை ஏறக்குறைய நேராக வாங்குகின்றன. குனிந்து வேலை செய்பவர்களுக்குப் பிடரி நேராக வாங்குகிறது. ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: காலையில் கிழக்கே போய் மாலையில் மேற்கே திரும்பும் பாதையானால் இரண்டு வேளையும் வெயில் நெஞ்சில்தான் அடிக்கும். ஹெல்மெட் முகத்துக்கு ஓரளவு நிழல் தரும், கழுத்துக்குத் தராது.

காலை வெயில் இதமாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. தோலைச் சிவக்க வைத்துப் பொசுக்கும் பி வகைக் கதிர் நண்பகலை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும். ஏ வகைக் கதிரின் அளவோ பகல் முழுவதும் அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை. மெல்லிய மேகத்தையும் கண்ணாடியையும் கடந்து வரும். தோலின் அடியடுக்கு வரை இறங்கும். அங்கே தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்களை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. மீள்தன்மை தரும் நார்கள் சிதைந்து கட்டிகட்டியாகச் சேர்கின்றன. கழுத்துத் தோல் மெல்லியது; எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்தைவிட மிகக் குறைவு. ஒரு காயம் ஆறும்போது புதுத் தோல் மயிர்க்கால்களிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும்தான் முளைத்து வருகிறது. அவை குறைவாக உள்ள இடம் மெதுவாகவே சீராகும். சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இதை மறுபடியும் சொல்லப் போகிறேன்.

குளிர்ச்சியை நம்பி ஏமாறும் இடம் ஊட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிருக்குக் காலையில் போட்ட ஸ்வெட்டரைப் பத்து மணிக்குக் கழற்றிவிட்டு, கழுத்து திறந்த சுடிதாரோடு நாள் முழுவதும் தாவரவியல் பூங்காவில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் அடுத்த வாரம் தோல் மருத்துவரிடம் வந்து நிற்பது இதனால்தான்.

நம் நிறம் நமக்குக் காப்பு இல்லையா? உண்டு, நிச்சயமாக உண்டு. 1979-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கருந்தோலின் மேலடுக்கு சராசரியாக எஸ்.பி.எஃப். 13-ஐ ஒட்டிய காப்பையும் வெள்ளைத் தோல் 3-ஐ ஒட்டிய காப்பையும் தருவதாகக் கணக்கிட்டது. நம் மாநிறம் இரண்டுக்கும் நடுவில் வரும். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அதே நிறமிதான் சின்ன உறுத்தலுக்கும் பெரிதாகச் சுரந்து திட்டாகத் தங்கிவிடுகிறது. வெள்ளைத் தோல் சுருங்கும் இடத்தில் நம் தோல் கறுக்கும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளிகூட மாநிறத் தோலில் கருமையைத் தூண்டும் என்பது உறுதியாகியிருக்கிறது. ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மோவாய்க்குக் கீழே தெரிகிறதே, அதுதான் உங்கள் நிறம். அதைவிட வெளுப்பாக ஆவது சிகிச்சை அல்ல. அப்படி ஆக்கித் தருவதாகச் சொல்லும் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது துணிக்கு வருவோம். எல்லாத் துணியும் ஒன்றல்ல. சாதாரண வெள்ளைப் பருத்தி பனியன் துணியின் காப்பு எண் 5 முதல் 7 வரைதான். அதாவது விழும் கதிரில் ஆறில் ஒரு பங்கு உள்ளே போய்விடும். ஷிஃபான் துப்பட்டாவும் ஜார்ஜெட் முந்தானையும் அதைவிட மோசம்; கழுத்தில் கிடக்கும், காப்பு தராது. நெருக்கமாக நெய்த துணி, தடித்த துணி, அடர்ந்த சாயம் ஏறிய துணி ஆகியவையே காப்பவை. ஒரே நெசவில் வெளிர்மஞ்சளைவிடக் கருநீலம் அதிகம் தடுக்கும். வியர்வையில் நனைந்த மெல்லிய பருத்தி உலர்ந்ததைவிடக் குறைவாகவே தடுக்கும். புதுப் பருத்தியை இரண்டு மூன்று முறை துவைத்தால் நூல் சுருங்கி இடைவெளி அடைபடுவதால் காப்பு கூடும். கடையிலேயே சோதித்துவிடலாம்: துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னால் கையை வையுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அந்தத் துணி ஒற்றை மடிப்பில் உதவாது. அதையே இரண்டாக மடித்தால் நிலைமை மாறிவிடும். ஒரு மடிப்பு ஆறில் ஒரு பங்கை விடுகிறது என்றால் அடுத்த மடிப்பு அந்த மிச்சத்திலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத்தான் விடும்.

உங்களைப் போல் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு நான் சொல்வது, நெருக்கமாக நெய்த பருத்தித் துப்பட்டாவை இரண்டாக மடித்து, முன்கழுத்திலிருந்து தொடங்கிப் பிடரியைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, இரு முனைகளையும் மேலே போடும் சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். செருகாமல் பின்னால் பறக்க விடவே கூடாது. சக்கரத்தில் சிக்கி உயிர் போயிருக்கிறது. புடவை என்றால் மேலே முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்றைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, காலரைத் தூக்கிவிட்டு ஓட்டுங்கள். அலுவலக வாசலில் கழற்றி வண்டிப் பெட்டியில் வைத்துவிடலாம். துணிக்கடைகளில் கிடைக்கும், தலை வழியாக மாட்டும் கழுத்துறையும் நல்லதுதான், மூச்சு முட்டாத துணியாக இருந்தால். ஆண்களுக்குப் பெரிய உபதேசம் தேவையில்லை: காலர் உள்ள சட்டை, தோளில் ஒரு துண்டு. நம் ஊர் உழவர்கள் தலைப்பாகையின் முனையைப் பிடரியில் தொங்க விடுவதில் அனுபவ அறிவு இருக்கிறது. காலர் இல்லாத டி-சட்டைக்கு மாறிய பிறகு பிடரி திறந்துவிட்டது.

நடந்து போகிறவர்களுக்குக் குடை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட சோதனையில், சாதாரணக் கறுப்புக் குடைகள் புற ஊதாக் கதிரில் குறைந்தது 90 சதவீதத்தைத் தடுத்தன. வெயிலுக்குக் குடை பிடிக்க ஆண்கள் கூச்சப்படுவதை விட்டுவிட வேண்டும். எப்போது பிடிப்பது என்பதற்கு உங்கள் நிழலே அளவு. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் கடும் நேரம். நம் கோடையில் அது ஏறத்தாழ காலை 9 முதல் பிற்பகல் 3 மணி வரை.

ஆனால் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நிற்பவர்களுக்குக் குடையும் தொப்பியும் பாதிதான் உதவும். வெண்மையான உப்புப் பரப்பிலிருந்து ஒளி கீழிருந்து மேலே எகிறி, மோவாய்க்கு அடியிலேயே அடிக்கும். அவர்கள் விஷயத்தில் நான் மேலே சொன்ன மோவாய் நிழல் சோதனையும் பொய்த்துவிடும். கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. அங்கெல்லாம் கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணிதான் ஒரே நம்பகமான காப்பு. வேலைக்கு அமர்த்துபவர்கள் கையுறை, காலுறையோடு இதையும் சேர்த்துத் தர வேண்டும்.

காருக்குள் இருந்தால் தப்பித்தோம் என்பதும் சரியல்ல. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்தது. ஏ வகைக் கதிரையும் பெருமளவு தடுக்கும். பக்கக் கண்ணாடி பல வண்டிகளில் அப்படி அல்ல. 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படம் தோல் மருத்துவர்கள் அனைவருக்கும் தெரியும்: 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம். ஜன்னல் பக்கமாக இருந்த இடப்பாதி மட்டும் தடித்துச் சுருங்கித் தொங்கியிருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் வலது கழுத்து. ஓட்டுநர் வேலையில் இருப்பவர்கள் இரு பக்கக் கழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துணி போக எஞ்சும் இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 என்பது பி வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும்; 50 என்றால் 98 சதவீதம். எண்ணைவிட அளவு முக்கியம். இந்த எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தவை. நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது; முகத்துக்கு எடுத்ததன் மிச்சத்தைக் கழுத்தில் தடவினால் அங்கே கால்வாசியும் இராது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நுனி முதல் அடிவரை கோடாகப் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும். பிடரிக்கும் திறந்த மார்புக்கும் மேலும் ஒரு விரல் வேண்டும். இந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் ஒரு மாதம் வருவதே கடினம். நடுப்பகலில் மறுபடியும் பூசினால் இரண்டு வாரம். துணியை முதலில் வைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நடுத்தரக் குடும்பத்தில் யாரால் மாதம் இரண்டு டியூப் வாங்க முடியும்?

வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணோடு, ஏ வகைக் கதிருக்கான பி.ஏ. குறியையும் பாருங்கள், அதில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் இருக்கட்டும். கருமைத் திட்டு ஏற்கெனவே இருந்தால், இரும்பு ஆக்சைடு சேர்த்துத் தோல் நிறத்தில் வரும் வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். காலரில் ஒட்டும் என்பதுதான் தொல்லை. காலர் என்றதும் இன்னொன்று: அவோபென்சோன் என்ற பொருள் உள்ள சன்ஸ்கிரீன் பட்ட வெள்ளைச் சட்டையை இரும்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைத்தால் துருநிறக் கறை விழும். துணி கெட்டுவிட்டது என்று கிரீமையே நிறுத்தியவர்கள் உண்டு. பள்ளிச் சீருடைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் ஜிங்க் ஆக்சைடு வகையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

நகை போடுவதற்கு முன் பூசுங்கள். சங்கிலியை ஒதுக்கிவிட்டு அதற்கு அடியிலும் பூசுங்கள். உலர்ந்த பிறகு துப்பட்டா. கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் தேய்த்துத் துடைத்தால் கிரீமும் போய்விடும், ஒற்றி எடுங்கள். வாசனைத் தெளிப்பானைக் கழுத்திலும் நெஞ்சிலும் அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். பெர்கமாட் போன்ற சில நறுமண எண்ணெய்கள் வெயிலோடு சேர்ந்தால் திரவம் வழிந்த தடத்திலேயே தோல் வெந்து கறுக்கும். கழுத்துக் கருமைக்கு வாசனைப் பொருள்களும் காரணமாகலாம் என்று நீண்டகாலமாகவே கருதப்படுகிறது. உடையில் அடித்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறும் அதே ஆபத்துதான். அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது ஏ வகைக் கதிர் பட்டால் தீக்காயம்போல் கொப்புளம் வரும். ஆறிய பிறகு பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில் கருமை நிற்கும். நீங்கள் தடவிவிட்டு வெயிலில் போயிருந்தால் இப்போது தெரியும் கருமையில் ஒரு பங்கு அதனாலேயே வந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். தயிர், கற்றாழை, கடலை மாவு இவற்றால் பெரிய தீங்கும் இல்லை, வெயில் காப்பும் இல்லை.

ஏற்கெனவே கறுத்ததற்கு என்ன செய்வது? காப்பு சரியாக அமைந்தால் மேலோட்டமான கருமை மூன்று, நான்கு மாதங்களில் தானே மங்கத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்து நம்பூர் என்ற ஊரில் நடந்த நீண்ட ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் புறங்கைத் தோலில், நாலரை ஆண்டுகளில், விருப்பம்போல் பூசியவர்களைவிட முதுமை மாற்றம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. நடுவயதிலும் பலன் உண்டு என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த செய்தி. அதற்கு மேல் வேண்டுமானால் பூச்சு மருந்துகளில் அசெலாயிக் அமிலம், நியாசினமைடு இரண்டும் கழுத்துக்கு மென்மையானவை. வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயின் பலன் தரும். ஆனால் முகம் தாங்கும் அளவைக் கழுத்து தாங்காது. வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவில் தொடங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. அமிலத்தால் தோல் உரிப்பதும் லேசரும் கழுத்தில் மிகுந்த நிதானத்தோடு செய்ய வேண்டியவை. ஆறும் வேகம் குறைவு, நம் நிறத்தில் சிகிச்சையே புதுக் கருமையை உண்டாக்கலாம், மார்பு நடுவிலோ தழும்பு தடித்து வளரும் போக்கு அதிகம். அழகு நிலையத்தில் சலுகை விலை என்பதற்காக அங்கே கழுத்தை நீட்டாதீர்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் கிரீம்கள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டீராய்டு, நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்த கிரீம் இரண்டே வாரத்தில் வெளுப்பாக்கும்; அதனால்தான் கை மாறிக் கை மாறிப் பரவுகிறது. சில மாதங்களில் தோல் காகிதமாக மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, மார்பில் கோடுகோடாகப் பிளந்துவிடும். அந்தக் கோடுகள் மறையாது. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் சீட்டில்லாமல் கிடைக்கின்றன என்பது எனக்கு ஆறாத வருத்தம். பெயரும் தயாரிப்பு விவரமும் இல்லாத சிவப்பழகுக் கிரீம்களில் பாதரசம் இருந்து சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு.

வெயிலை இப்படி மறைத்தால் வைட்டமின் டி குறையாதா என்ற பயம் நியாயமானது. அதற்குக் கழுத்தைக் காட்ட வேண்டியதில்லை. முன்கையும் காலும் போதும், அங்கே பரப்பும் அதிகம். நம் நகரங்களில் சன்ஸ்கிரீனையே தொடாதவர்களுக்கும் வைட்டமின் டி குறைவாக இருப்பதைக் காண்கிறோம். குறைந்திருந்தால் மருத்துவர் மாத்திரை தருவார்.

வெண்புள்ளி உள்ளவர்களும் பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களும் மேலே சொன்ன நிறக் காப்புக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு இது கருமையைப் பற்றிய பேச்சே அல்ல. நிறமி இல்லாமல் பிறந்தவர்களுக்கு நம் வெயிலில் இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். குழந்தையிலிருந்தே காலர் வைத்த முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் தினசரிப் பழக்கமாக வேண்டும். பள்ளியில் பிற்பகல் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கும் கேட்டு வாங்க வேண்டும்.

கழுத்திலோ மார்பிலோ ஒரு புண் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் பொருக்குத் தட்டி உதிர்ந்து மறுபடியும் கசிந்தால், ஒரு மச்சம் பெரிதாகி நிறமோ ஓரமோ மாறினால், வெயிலில் சிறிது நேரம் நின்றாலே தடிப்பு வந்து கூடவே மூட்டுவலியோ கைகளைத் தூக்க முடியாத தசை பலவீனமோ இருந்தால், கிரீம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியில் சொன்ன அறிகுறி லூபஸ் போன்ற உள்நோய்களின் தொடக்கமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தேவைப்படும். போகும்போது நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும், கழுத்தில் இதுவரை தடவிய எல்லா டியூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.